உங்களுக்குத் தெரியுமா? டிசையரா, அமேஸா?

பத்து லட்சத்துக்குள் டிக்கி வைத்த கார் தேடுகிற வீடுகளில் கடைசியாக மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான்: மாருதி சுசூகி டிசையர், ஹோண்டா அமேஸ். இரண்டின் புதிய தலைமுறையும் 2024 நவம்பர் 11, டிசம்பர் 4 என ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தது. விளம்பரத் தாளில் இருக்கும் எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு ஷோரூமுக்குள் நுழையுங்கள். முன்பணம் கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

● டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். அமேஸின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். டிசையர் இன்ஜின் 1,197 சிசி, அமேஸ் இன்ஜின் 1,199 சிசி. இது தற்செயல் அல்ல. 2006 மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குள் ஒரு செடானை அடக்க முடியுமா என்ற போட்டி அங்கேதான் தொடங்கியது. 2008 தொடக்கத்தில் டாடா இண்டிகோ சிஎஸ் முதலில் அடக்கிக் காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர். சலுகைக்கு வெளியே நின்றது. 2012-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்பக்கத்தைக் குறுக்கி 3,995-க்குக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியின் டிக்கி ஏன் அப்படி வெட்டுப்பட்டது போல இருந்தது என்று யோசித்திருப்பவர்களுக்கு விடை இதுதான்.

● அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; இதைத் தாண்டும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நீளத்தை 4 மீட்டருக்குள் அடக்கியதற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவு பெரியது.

● மைலேஜ் எண்ணுக்கு வருவோம். கியர் மாற்றி ஓட்டும் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், அமேஸுக்கு 18.65 என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தச் சோதனை நடப்பது சாலையில் அல்ல. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு. வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏசி ஓடாது. எனவே இரண்டு எண்களுமே உங்கள் கைக்கு வராது. ஆனால் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே சோதனை என்பதால் இடைவெளியை நம்பலாம். அந்த இடைவெளி பெரியது.

எவ்வளவு பெரியது என்பது நீங்கள் ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, அறிவித்த கணக்குப்படி டிசையர் 605 லிட்டர் குடிக்கும், அமேஸ் 804 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் வித்தியாசம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது 8,000 ரூபாய்தான். மாதத்துக்கு எழுநூறு ரூபாய்கூட ஆகாத அந்தத் தொகைக்காகப் பிடித்த வண்டியை விட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வந்து போகிறவருக்குக் கணக்கே வேறு.

● லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு மேலே போகப் போகக் கண்ணை ஏமாற்றும். 10 தரும் வண்டியை விட்டு 12 தரும் வண்டிக்கு மாறினால் 15,000 கிலோமீட்டரில் 250 லிட்டர் மிச்சம். 24 தருவதை விட்டு 26 தருவதற்கு மாறினால் மிச்சம் 48 லிட்டர்தான். தானியங்கி கியர் டிசையர் 25.71 தருகிறது, சாதாரண கியரை விட அதிகம் என்று ஷோரூமில் அழுத்திச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த அதிகம் ஆண்டுக்கு 22 லிட்டர்.

● டிசையருக்கு மூன்று சிலிண்டர், அமேஸுக்கு நான்கு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் அரைச் சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். மூன்று சிலிண்டரில் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில். தவிர, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு முன்னும் பின்னும் ஆடும் இயல்பும் உண்டு. இதன் விளைவு வேகமாகப் போகும்போது தெரியாது. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் மெல்லிய அதிர்வாக வரும். பழைய டிசையரில் இருந்தது நான்கு சிலிண்டர், 90 குதிரைத்திறன். புதியதில் 82. இதே வண்டியின் பழைய தலைமுறையை வைத்திருந்து புதியதுக்கு மாற நினைப்பவர்கள், ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அதேசமயம், குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும்படி இந்த இன்ஜினை அமைத்திருப்பதால் ஊருக்குள் மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டு போவது சுலபம். அமேஸின் 90 குதிரைகள் எழுந்து ஓட இன்ஜினைக் கொஞ்சம் விரட்ட வேண்டும்.

● இரண்டு நிறுவனங்களும் 'ஆட்டோமேட்டிக்' என்றுதான் விற்கின்றன. உள்ளே இருப்பவை இரண்டு வேறு இயந்திரங்கள். டிசையரில் இருப்பது ஏஎம்டி: சாதாரண கியர்பெட்டியேதான், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது. விலை குறைவு, பழுதுபார்ப்பும் எளிது. ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி இழுவை அறுந்து, தலை லேசாக முன்னுக்கு வரும். அமேஸில் இருப்பது சிவிடி: இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை. உருளைகளின் அகலம் மாற மாற வேகமும் மாறும். கியர் என்ற படியே கிடையாது, குலுக்கலும் கிடையாது. முந்திச் செல்ல அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். அது இதன் குறை.

என் தீர்ப்பைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். நெரிசலில் தினமும் ஒரு மணி நேரம் ஊர்ந்து போகிறவர், முழங்கால் வலிக்காகவே ஆட்டோமேட்டிக் தேடுகிறவர், வயதான பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர், இவர்களுக்கு சிவிடி அமேஸ். நெடுஞ்சாலையில் கிலோமீட்டரைக் கொட்டுகிறவருக்கு, சாதாரண கியர் போதும் என்பவருக்கு டிசையர்.

● டிசையரில் கம்பெனியே பொருத்தித் தரும் சி.என்.ஜி. வண்டி உண்டு, கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்கிறார்கள். அமேஸில் சி.என்.ஜி. கிட்டை டீலர்தான் பொருத்தித் தருகிறார். எங்கே பொருத்தினாலும் சிலிண்டர் உட்காருவது டிக்கியில். ஊருக்குப் போகும்போது பெட்டிகளை எங்கே வைப்பது என்பதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் கண்டுபிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

● டிக்கி: அமேஸ் 416 லிட்டர், டிசையர் 382. இந்த 34 லிட்டரை விட முக்கியம் வாயின் அகலமும், மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் மூடும்போது எங்கே இறங்குகின்றன என்பதும். வீட்டிலிருக்கும் பெரிய பெட்டியை ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

● நட்சத்திரம் எத்தனை என்று கேட்பவர்கள், எந்த ஆண்டில் வாங்கிய நட்சத்திரம் என்று கேட்பதில்லை. இரண்டாம் தலைமுறை அமேஸ் 2019-ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு 2024-ல் மறுபடி சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் 2, குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். பழைய தேர்வு முன்பக்க மோதலை வைத்தே பெரியவர்களுக்கு மதிப்பெண் போட்டது. புதிய தேர்வு பக்கவாட்டு மோதலையும், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. புதிய டிசையர் அந்தக் கடுமையான விதிகளின்படியே பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 வாங்கியது. மாருதியின் வரலாற்றில் முதல் 5 நட்சத்திரம் அதுதான். அதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

மேலே சொன்ன 2 நட்சத்திரம் பழைய அமேஸின் மதிப்பெண்; ஆறு ஏர்பேக்குடன் வந்த மூன்றாம் தலைமுறைக்கு அதைச் சூட்டக் கூடாது. புதியது வந்த பிறகும் பழையது குறைந்த விலையில் விற்பனையில் இருந்ததால், டீலர் சொல்லும் விலை எந்த அமேஸுக்கானது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

● ஆறு ஏர்பேக் இப்போது இரண்டிலும் அடிப்படை ரகத்திலிருந்தே உண்டு. மேல் ரகத்தில்தான் பாதை பிரிகிறது. டிசையர் சன்ரூஃபும், வண்டியைச் சுற்றிலும் காட்டும் 360 டிகிரி கேமராவும் தருகிறது. அமேஸ் முன்னால் மோதப் போனால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியையும், இடது பக்கம் வரும் இருசக்கர வாகனத்தைத் திரையில் காட்டும் கேமராவையும் தருகிறது. நம் வெயிலில் சன்ரூஃபைத் திறக்கும் நாட்களை எண்ணிவிடலாம். இடது பக்கம் நுழையும் பைக்குகளை எண்ண முடியாது.

● தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய கார்களுக்கான ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கணக்கில் எடுக்கும் விலை 9,99,000 என்றால் வரி 1,29,870 ரூபாய். 10,01,000 என்றால் 1,80,180. விலையில் 2,000 ரூபாய் ஏறினால் வரியில் 50,310 ரூபாய் ஏறுகிறது! இரண்டு வண்டிகளின் உச்ச ரகங்களும் இந்தக் கோட்டை ஒட்டியே உலவுகின்றன. எந்த விலையை வைத்து வரி போடுகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

● காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குச் சேர்த்து எடுப்பது மட்டும் கட்டாயம்; அந்தத் தொகை 1,000 முதல் 1,500 சிசி வரை ஒன்றே என்பதால் இரண்டு வண்டிக்கும் சமம். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை வெளியில் விசாரித்து, அந்த விலையை டீலரிடம் காட்டுங்கள்.

● உத்தரவாதம்: டிசையருக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. அமேஸுக்கு 3 ஆண்டு, கிலோமீட்டருக்கு வரம்பில்லை.

● டெஸ்ட் டிரைவை இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில், ஒரே சாலையில், குடும்பத்தோடு ஏறி ஏசி போட்டு ஓட்டிப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. அமேஸின் தரை இடைவெளி 172 மில்லிமீட்டர், டிசையரின் இடைவெளி 163 என்று தாளில் இருக்கும். ஐந்து பேர் ஏறிய பிறகு பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை உங்கள் தெரு வேகத்தடைதான் சொல்லும்.

● ஜனவரியில் வாங்கும் வண்டி முந்தைய ஆண்டில் செய்ததாக இருக்கலாம். விற்கும்போது ஓர் ஆண்டு பழையதாகவே அதற்கு விலை பேசுவார்கள். முழுப் பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று உறுதி செய்யுங்கள். டீலர் தரும் படிவம் 21-லும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகி வரும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.