வேனில் பெட்டி இல்லாமல் சப்வூஃபர்: முடியுமா, கூடாதா?

சப்வூஃபர் வாங்கப் போகும் இளைஞரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பெட்டியோடவா, தனியாவா?" என்பதுதான். கார்க்காரருக்கு இதில் குழப்பமில்லை. பின்னால் பூட் இருக்கிறது. பெட்டியை உள்ளே தள்ளி மூடிவிட்டால் ஆயிற்று. வேன் வைத்திருப்பவர்தான் தலையைச் சொறிவார். அவருக்கு வேனின் ஒவ்வோர் அடி இடமும் காசு.

கிள்ளான் வட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அப்பா சமையல், மகன் ஓட்டுநர். வாகனம் ஒரு ஹையேஸ் பேனல் வேன். விடியும் முன்பே சந்தை, நள்ளிரவு நெருங்கும்போது வீடு. நீண்ட ஓட்டத்தில் மகனுக்குப் பாட்டு வேண்டும். அதுவும் உறுமி அடி நெஞ்சில் இடிக்கிற மாதிரி வேண்டும். (தூக்கம் வந்தால் பாட்டை நம்பாதீர்கள், தம்பிகளே. ஓய்விடத்தில் நிறுத்திக் கண் மூடுங்கள்.) அப்பாவின் கணக்கு வேறு. "அந்தப் பெட்டி வைக்கிற இடத்துல ஒரு சாம்பார் அண்டா நிக்கும்டா. அண்டா சம்பாதிக்கும், உன் பெட்டி சம்பாதிக்குமா?" மகனிடம் பதில் இல்லை. சிலகாலம் இருவரும் இந்த விஷயத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியே இல்லாமல் மாட்டலாம் என்று தெரிந்த பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை: வெல்டிங் கூடாது, புது ஓட்டை கூடாது, வேனை விற்கும்போது எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்.

பெட்டி எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று இழுபடுகிறது. தொட்டித் தண்ணீரில் உள்ளங்கையை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தண்ணீர் முன்னே போவதில்லை, விரல் ஓரமாக வழிந்து கையின் பின்னால் போய்விடும். தாழ்ந்த ஒலியும் அப்படித்தான். ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு 12 அங்குல ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி வருவது பெரிய காரியமே இல்லை. முன் அலையும் பின் அலையும் சந்தித்து ஒன்றையொன்று அடித்துவிடும். கடையில் மேசைமேல் வெறுமனே வைத்த ஊஃபர் கூம்பு படபடவென்று ஆடியும் பேஸ் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆக, தேவை பெட்டி அல்ல. முன்னும் பின்னும் கலக்காதபடி ஒரு சுவர். பெட்டி என்பது அந்தச் சுவரை ஐந்து பக்கம் மடித்து வைத்த வடிவம், அவ்வளவே. 1950களில் ஒலிப் பிரியர்கள் அலமாரிக் கதவிலும் வீட்டுச் சுவரிலும் ஸ்பீக்கரைப் பதித்துக் கேட்டதுண்டு. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் ஸ்பீக்கர் புத்தக அலமாரி அளவுக்குச் சுருங்கியது. எந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு, எது சுவருக்கு என்பதை எண்களால் சொல்லும் முறையை 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் தொடங்கி வைத்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை முழுமையாக்கினார். இன்று எந்த ஸ்பீக்கர் அட்டையிலும் காணும் சிற்றெண்கள் இவர்கள் கொடுத்தவை.

அந்த எண்களில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று க்யூ.டி.எஸ். அது 0.6 முதல் 0.8 வரை இருந்தால் சுவரில் மாட்ட ஏற்ற ஸ்பீக்கர். 0.3, 0.4 என்று இருந்தால் அது துளை வைத்த பெட்டிக்காகப் பிறந்தது. சுவரில் மாட்டினால் பேஸ் மெலிந்து போகும். மற்றொன்று வி.ஏ.எஸ்., லிட்டர் கணக்கில் இருக்கும். சுவருக்குப் பின்னால் உள்ள காற்று அந்த அளவைப்போல் குறைந்தது நாலைந்து மடங்காவது இருக்க வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கருக்கு 80 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 400 லிட்டர். ஹையேஸின் சரக்குப் பகுதி சுமார் 6,000 லிட்டர். அண்டாவும் அடுப்பும் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டாலும் மிச்சம் தாராளம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். நான் சொல்வது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழுத் தடுப்புச் சுவர் வைக்கக்கூடிய பேனல் வேனுக்கு மட்டும். அங்கே ஓட்டுநர் அறை ஒரு பக்கம், சரக்கறை மறுபக்கம். சுவர் இயல்பாகவே அமைகிறது. பள்ளி வேன், குடும்ப வேன் இவற்றில் முன்னிருந்து பின்கதவு வரை ஒரே காற்று. சுவர் வேண்டுமென்றால் கடைசி இருக்கைக்குப் பின்னால் கூரைவரை பலகை அடிக்க வேண்டும். பின் கண்ணாடி மறையும், பின்கதவு வழியாக வெளியேறும் வாய்ப்பு அடைபடும். பிள்ளைகள் ஏறும் வேனில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. பின்கதவுத் தகட்டுக்குள் மாட்டலாமே என்பார்கள். அந்த இடுக்கில் காற்றும் போதாது, மழைத் தண்ணீர் வேறு இறங்கும். தகரமும் கடகடவென்று ஆடும். அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டைப் பெட்டியே நல்லது.

சரி, சுவர் எப்படி எழுந்தது? மகன் எடுத்தது 18 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டு பலகை ஒட்டி 36. எம்.டி.எஃப். மலிவு, அறுக்கவும் சுலபம். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கும், பின்பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வேனுக்கும் அது ஊறி உப்பிவிடும். முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி வேனின் வளைவுக்கு அச்சு எடுத்தார்கள். கூரை வளைவில்தான் பாதி நாள் போனது. ஓரம் முழுக்கத் தடித்த ரப்பர் நுரைப் பட்டை. ஏற்கெனவே தகரத்தில் இருந்த போல்ட் துளைகளில் இரும்புப் பட்டை கொடுத்து முடுக்கினார்கள். தரையில் புதிதாகத் துளை போடாததற்கு அப்பாவின் நிபந்தனை மட்டும் காரணமல்ல. அடியில் எண்ணெய்த் தொட்டியும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. இருக்கைப் பட்டை பிடித்திருக்கும் போல்ட்டையும் தொடவில்லை. அது உயிர் காப்பது.

ஸ்பீக்கருக்கான வட்டம் இரு இருக்கைகளுக்கும் நடுவே, தாழ்வாக. மரத்திருகு இல்லை; பலகையின் பின்னால் பதியும் டி-நட்டில் போல்ட். ஆறேழு கிலோ எடையும் ஓயாத அதிர்வும் சேர்ந்தால் மரத்திருகு நாளடைவில் தளரும். சரக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காந்தத்துக்கு இரும்புக் கூண்டு ஒன்று. பிரேக் அடித்தால் அண்டா சறுக்கி வந்து முதலில் அதைத்தான் இடிக்கும். கூண்டின்மேல் காற்று போகும் மெல்லிய துணி, மாவுத் தூசிக்காக. அந்தச் சுவரே அண்டாக்களை ஓட்டுநர் முதுகிலிருந்து தள்ளி நிறுத்துகிறது என்பதைக் கண்டதும் அப்பாவுக்குக் கொஞ்சம் மனம் இளகியதாம். ஆனால் பலகையை மட்டும் நம்பக்கூடாது. அண்டாவைக் கயிற்றால் கட்டத்தான் வேண்டும். பின்புறக் கண்ணாடியில் இனி சரக்கறை தெரியாது. ரிவர்ஸ் கேமரா போட்டுக்கொண்டார்கள்.

எங்கே காற்று ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கைப்பேசியில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியைச் சுவரின் ஓரமாக நகர்த்தினார் அம்மா. புகை நேராக ஏறும் இடம் நல்ல இடம். நடுங்கிச் சிதறும் இடத்தில் ஒழுக்கு. தரையோரம் இரண்டு இடம் அகப்பட்டது.

பெட்டியில்லா ஊஃபருக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று கூம்பைப் பிடித்து இழுக்கும். இங்கே அந்தப் பிடிமானம் இல்லை. அட்டையில் 500 வாட் என்று போட்ட ஸ்பீக்கர் 200 வாட்டுக்குள்ளேயே தன் அசைவின் எல்லையைத் தொட்டுவிடலாம். 'டக், டக்' என்று இடிச் சத்தம் வந்தால் உடனே குறையுங்கள். காயில் கீழே மோதுகிறது. பெரிய ஆம்ப் வேண்டாம். ஆம்ப்பில் சப்சோனிக் பில்டர் இருந்தால் 25 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் கிதாரின் தடித்த கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான்; அதற்கும் கீழே நம் பாடல்களில் அதிகம் இல்லை. மேல் வெட்டு 80இல் இருக்கட்டும். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். இதில் மிச்சம் பிடித்தால் வேனே எரியும்.

பலன்? ஓட்டுநர் அறை சிறியது. மூடிய சிற்றறையில் தாழ்ந்த ஒலி தானாகவே ஏறிக்கொடுக்கும். அதனால் குறைந்த வாட்டிலும் சத்தம் நிறைவாகவே இருக்கிறது. பெட்டி ஊஃபரின் 'தொம் தொம்' இல்லை. தவிலின் இடந்தலையும் உறுமியின் இழுப்பும் தனித்தனியாகக் கேட்கின்றன. எனக்கு இதுவே பிடித்தது. தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது.

அந்தத் தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ் சுவரைத் துளைத்துப் போகும். நள்ளிரவில் வரிசை வீட்டுத் தாமானுக்குள் நுழையும்போது ஊஃபரை அணைக்க ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் வையுங்கள். காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு வைத்த எல்லை, மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான்.

வணிக வேன் வைத்திருப்போர் பலகையை வெட்டும் முன், வாகனச் சோதனை நிலையத்தில் இந்தத் தடுப்புக்கு அனுமதி உண்டா என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லி வையுங்கள். போல்ட்டில் நிற்கும் சுவர் என்பதால், வேண்டாம் என்றால் கழற்றி இறக்க ஒரு ஸ்பேனரும் இரண்டு ஆளும் போதும்.