உணவு விடுதியில் உழைப்பின் விலை

உணவு விடுதியில் இட்லியின் விலை இன்னதென்று சுவரில் தொங்கும் பட்டியல் நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த இட்லியை அவித்தவருக்கும், பரிமாறியவருக்கும், எச்சில் இலையை எடுத்தவருக்கும் என்ன ஊதியம் என்பதைப் பற்றி உண்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

புளியந்தோப்பில் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர் இன்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுகிறார். அண்மையில் என்னைக் கண்டபோது அவர் கேட்டார்: "சார், அஞ்சு வருஷத்துக்கு முந்தி பத்தாயிரம் வாங்கினேன்; கடன் இல்லை. இப்போ பன்னிரண்டாயிரம் வாங்குறேன். மாசக் கடைசியில் கடன் வாங்குறேன். இது எப்படி சார்?"

மாணவர்களே, அவருடைய கேள்வியில் பொருளாதாரத்தின் ஓர் அடிப்படைப் பாடம் அடங்கியிருக்கிறது. கையில் பெறும் தொகை பண ஊதியம். அத்தொகையைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்களின் அளவே மெய் ஊதியம். அந்த ஐந்தாண்டுகளில் விலைக் குறியீட்டெண் 100-லிருந்து 130 ஆக உயர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது 12,000 ரூபாயை 130-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9,230 கிடைக்கும். கைக்கு 2,000 ரூபாய் கூடுதலாக வந்தது. வாங்கும் ஆற்றலிலோ 770 ரூபாய் குறைந்தது. கடன் வந்த வழி இதுதான்.

இக்குறையை ஈடு செய்யவே அகவிலைப்படி என்னும் ஏற்பாடு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி, நமது மாநிலத்தில் உணவு விடுதித் தொழிலுக்கும் அரசு ஊதியம் நிருணயித்து வந்தது. அடிப்படை ஊதியத்துடன், சென்னை நகரின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஏறும் அகவிலைப்படியும் சேர்ந்ததே அவ்வூதியம். 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. குறைந்தபட்ச ஊதியம் இன்னின்ன தொழிலுக்கு மட்டும் என்ற வரம்பை அது நீக்கிற்று.

குறைந்தபட்சம் என்பதை எப்படி அளப்பது? 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது. உழைப்பவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்கும் தலைக்கு 0.6, ஆக மூன்று நுகர்வு அலகுகள். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை; இவற்றுடன் விறகு, விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்த்தல் வேண்டுமென்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பிள்ளையின் படிப்பும் ஊதியத்தின் ஒரு கூறு என்பதை ஆசிரியனாகிய நான் மகிழ்ந்து குறிக்கிறேன்.

உணவு விடுதித் தொழிலுக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. சரக்கு மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும் கைத்திறன் உடையவர்கள், கேட்டு வாங்குகிறார்கள். மேசை துடைப்பவருக்கும் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கும் அந்த வலிமை இல்லை. 'சாப்பாடும் தங்க இடமும் தருகிறோமே' என்று கூறிச் சம்பளத்தைக் குறைப்பதுண்டு. உண்டவர் விட்டுச் செல்லும் 'டிப்ஸ்' நன்றிக் காசேயன்றி ஊதியமாகாது. நேரமும் ஊதியத்தைச் சேர்ந்ததே. பன்னிரண்டு மணி உழைத்து ஒன்பது மணிக்குரிய கூலி பெறுபவர், மூன்று மணி நேரத்தை இலவசமாகத் தந்தவராகிறார்.

"சம்பளச் சீட்டில் அகவிலைப்படி தனியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். "சீட்டே இல்லை சார். தனி ஆளாய்க் கேட்டால் வேலை போய்விடும், என் இடத்துக்கு வடக்கேயிருந்து ஒருவர் வந்துவிடுவார்" என்றார்.

அவருக்கு எங்கள் ஊரின் வரலாற்றையே விடையாகச் சொன்னேன். 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இங்கிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை ஒன்று சேர்த்தது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், வேலைக்குச் சென்றோரும் செல்லாதோரும் சாதியால் பிளவுண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன, வேலைநிறுத்தமும் தோற்றது. ஏழையும் ஏழையும் மோதினால் இருவர் கூலியும் உயராது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பாத்திரம் கழுவும் இளைஞருக்கும் சட்டம் வகுத்த ஊதியம் அதுவே. அவருக்குக் குறைத்துக் கொடுக்கும் வரையில், என் மாணவருக்கும் நிறைத்துக் கொடுக்க எவரும் முன்வரார். ஆகவே அவரையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்லுமாறு கூறினேன். அரசின் ஊதிய அறிவிக்கையைப் படித்துப் பொருள் சொல்ல நானும் உடன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.