வெட்டாதிருக்கத் தெரிந்த கத்தி

ஈசூனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளி செல்லும் மகளின் ஒருபக்கக் கன்னம் மெல்லப் புடைத்துவருகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், "ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, புற்றுநோய் இல்லை, இப்போதைக்கு அறுவை வேண்டாம்" என்றாராம். இது மெத்தனமில்லையா என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. இந்த நோயில் முதிர்ந்த எலும்பு இருக்கவேண்டிய இடத்தை நாரும் அரைகுறை எலும்பும் அடைத்துக்கொள்கின்றன. கொத்தனாரான என் அப்பா சொல்வார்: செங்கல் அடுக்காமல் கலவையையே அப்பினால் சுவர் தடிக்கும், நிற்காது. காரணம் ஜிஎன்ஏஎஸ் மரபணுவில் நேரும் பிழை. கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லில் அது நேர்கிறது. அதன் வழிவந்த செல்களில் மட்டும் தங்குகிறது. பெற்றோர் கொடுத்ததல்ல. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று மருமகளைக் குடைபவர்கள் இதைக் கவனிக்கவும்.

அறுவையில் இரண்டு வழி: புடைத்ததைச் செதுக்குவது, அல்லது நோயுற்ற எலும்பை முழுதாக எடுத்துவிட்டு வேறு எலும்பு வைப்பது. வாய்க்குள்ளோ தலைமுடிக்குள்ளோ கீறுவதால் தழும்பு பெரும்பாலும் மறைந்துவிடும். எந்த இடத்துக்கு எந்த வழி என்று 1990இல் தைவானின் சென், நூர்டாஃப் இருவரும் மண்டை, முக எலும்புகளை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். வளரும் வயதில் செதுக்கினால் மீண்டும் புடைக்கலாம். பருவ வளர்ச்சி முடிந்தபின் நோயின் வேகம் பெரும்பாலும் தணியும். காத்திருப்பதன் கணக்கு அதுதான்.

எனக்குப் பிடித்த விந்தை பார்வை நரம்பு. அது மண்டையெலும்பில் ஒரு சிறு குழாய் வழியே போகிறது. இந்நோயில் அந்தக் குழாய் குறுகிப்போகலாம். நரம்பு நசுங்குமுன் எலும்பைக் குடைந்து வழிவிட வேண்டும் என்றுதான் பல மருத்துவர்கள் நினைத்தார்கள். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு, குழாய் குறுகியவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே இருப்பதைக் காட்டியது. முன்னெச்சரிக்கையாகக் குடையப்போய்ப் பார்வையே பறிபோகவும் கூடும். நெருக்கடியிலேயே பழகிவிட்ட நரம்பை நாம் சீண்டாதிருப்பது மேல்.

ஆனால் வெட்டாமலிருப்பது வேறு, கவனியாமல் விடுவது வேறு. கண் பரிசோதனையையும் ஸ்கேனையும் தேர்வுக் காலம் என்று தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்கினாலோ, வலியோடு வேகமாகப் புடைத்தாலோ உடனே போங்கள். கதிர்வீச்சு கொடுத்துக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிதாக வரும் புற்றுநோய்க்கு அது வழி திறந்துவிடும். மின்தூக்கியில் "முகத்துக்கு என்ன ஆச்சு?" என்று விசாரிக்கும் அண்டைவீட்டாருக்கும் ஒன்று: அந்தப் பிள்ளையிடம் கேட்க, எந்தப் பள்ளி, என்ன படிக்கிறாய் என்று வேறு கேள்விகள் உண்டு.