குட்டி நாய்க்கு ஏன் இந்தக் கெட்ட பழக்கம்?

சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் மணி, இரண்டரை மாதக் குட்டி, தன் மலத்தைத் தானே தின்ன ஆரம்பித்தது. அதே வாயோடு ஓடி வந்து என் மகளின் முகத்தை நக்கும்! "கொண்டுபோய் விட்டுட்டு வாடா" என்று இவரிடம் சொல்லிவிட்டார் மாமியார்.

கால்நடை மருத்துவர் பதறவில்லை. தாய் நாயே முதல் சில வாரங்கள் குட்டிகளின் மலத்தை நக்கித்தான் இடத்தைச் சுத்தமாக வைக்கிறதாம். பல குட்டிகள் வளர வளர விட்டுவிடுமாம். பயமெல்லாம் உருண்டைப் புழுவுக்குத்தான். அதன் முட்டை வெளியே சில நாட்களாவது கிடந்தால்தான் தொற்றும். எனவே அன்றன்றே அள்ளிவிட வேண்டும். பூச்சி மருந்து 2 வாரக் குட்டியிலிருந்து 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை.

நாம் முந்திக்கொள்வதில்தான் சூட்சுமம். சாப்பிட்ட சற்று நேரத்தில் குட்டி வெளிக்குப் போகும். நான் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நிற்பேன். முடித்ததும் "மணி, வா!" என்று கூப்பிட்டு ஒரு துண்டு பிஸ்கட். அது மெல்லுவதற்குள் பழைய தகரத்தால் அள்ளிவிடுவேன்.

அடிக்காதீர்கள், நமக்குத் தெரியாமல் அவசரமாக விழுங்கப் பழகிவிடும். கடை மருந்துகளையும் நம்பவேண்டாம். 2018இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் அவை நூற்றுக்கு இரண்டு நாய்களுக்கு மேல் பலிக்கவில்லை!

நன்றாகத் தின்றும் குட்டி மெலிந்தாலோ, வயிறு உப்பினாலோ உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.