வட்டுக்குத் துணைவட்டு

நம் சங்க நூலக அறையின் மூலையில், பழைய இதழ்க் கட்டுகளுக்கு அருகே, ஓயாது இரைந்துகொண்டிருக்கும் கறுப்புப் பெட்டியை அன்பர்கள் கண்டிருப்பர். அலுவலகம் ஒன்று இடம் மாறியபோது குறைந்த விலைக்குக் கிடைத்த சர்வர் அது. அடுகோடியிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் குடும்பங்களின் உறுப்பினர் பதிவேடு, ஈமநிதிக் கணக்கு, பழைய இதழ்களின் படப்பிரதிகள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடங்கள் ஆகிய யாவும் அதற்குள்தான் உள்ளன. இவற்றினும் அரிய பொருள் ஒன்றுண்டு. தருமபுரிப் பக்கமிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் இங்கு வந்து குடியேறிய முதியோர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் ஒலிப்பதிவாக அதில் இருக்கின்றன. பாடியவர்களுள் சிலர் இன்று நம்மோடு இல்லை. கணக்கு அழிந்தால் ரசீதுக் கட்டைப் புரட்டித் திரும்ப எழுதிவிடலாம். மறைந்த பாட்டியாரை அழைத்து மறுபடியும் பாடுங்கள் என்று கேட்க இயலுமா?

இத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. சென்ற கோடையில் அவ்வட்டு தன் உடல்நிலையைத் தானே கூறும் குறிப்பில், பழுதுற்ற பகுதிகளின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறிவரக் கண்டோம். அதன் பின்னரே இரட்டை வட்டு ஏற்பாட்டுக்குச் செயற்குழு இசைந்தது. முன்னரே இசைந்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் பழுது கண்ணுக்குத் தெரிந்தால்தான் எந்தச் சங்கமும் பையைத் திறக்கும்.

இந்தச் சர்வர் ஒரு கணிப்பொறியே ஆயினும், உள்ளே நான்கு கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவது போன்ற ஏற்பாடு உடையது. இவற்றை மெய்நிகர் பொறிகள் என்பர். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு ஒண்டுக்குடித்தனம் என்று கொள்க. ஒருவர் வீட்டுச் சமையல் மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் கிணறு ஒன்றே. இதற்கு உதவும் கேவிஎம் என்னும் பகுதி 2007 இல் லினக்ஸின் உள்ளேயே சேர்ந்தது. அதனை எளிதாக ஆள உதவும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் 2008 இல் வியன்னா நகரிலிருந்து வெளிவந்தது. நாம் பயன்படுத்துவதும் அதுவே. வசதி பெரிது, ஆபத்தும் அதே அளவு பெரிது. கிணறு வற்றினால் நான்கு குடியும் ஒரே நாளில் வெளியேற வேண்டியதுதான்.

ஆதலின் எழுதும் ஒவ்வொன்றையும் இரு வட்டுகளில் ஒருங்கே எழுதும் முறை வேண்டும். இது புதியதன்று. 1988 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், மலிவான வட்டுகள் பலவற்றைச் சேர்த்து நம்பகமான ஒன்றாக்கும் வழிகளை வகுத்து எழுதியபோது, கண்ணாடிப் படியை முதல் நிலையாக வைத்தனர். அப்போதே அது வழக்கில் இருந்தது. நாம் பணிபுரியும் ரயில்வேயிலும் இதன் உறவு உண்டு. பயணிகள் முன்பதிவு முன்னாளில் பெரும் பதிவேடுகளில் இருந்தது. ஏடு தொலைந்தால் ரயிலே தொலைந்தது போல என்று மூத்தோர் சொல்லக் கேட்டுள்ளோம். பின்னர் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என ஐந்து மையங்களில் கணினிமயமான அம்முன்பதிவு, நெடுங்காலம் விஎம்எஸ் என்னும் இயங்குதளத்தின் மேல் ஓடிற்று. ஒரு வட்டுக்கு மற்றொன்றை நிழலாக வைக்கும் மென்பொருள் அந்த இயங்குதளத்துக்கே உண்டு. நிழல் என்பது நல்ல பெயர்.

இங்கே ஒரு வினா எழும். இரண்டு படிகள் இருந்து, இரண்டும் மாறுபட்டால் எது மெய்? லினக்ஸின் பழைய எம்டி முறையில் மாறுபாடு உண்டு என்று மட்டுமே தெரியும். எப்படி சரி என்று அதற்குத் தெரியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் ஆகியோர் 2001 இல் தொடங்கி, 2005 இல் மூலநிரல் வெளியான இசட்எஃப்எஸ் இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதனை அத்துண்டோடு வையாமல், அதைச் சுட்டிக்காட்டும் மேல்துண்டில் வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிடின் அடுத்த வட்டிலிருந்து எடுத்துத் தந்து, கெட்டதையும் திருத்திவிடுகிறது.

தமிழர்க்கு இது விளங்காத பொருளன்று. ஏடெழுதுவோர் சொல்லை விட்டால் தளை தட்டும். அந்தாதியில் ஓர் ஏடு தவறினால், முன்பாட்டின் ஈறும் பின்பாட்டின் முதலும் பொருந்தா. 1894 இல் உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. நானூறு என்னும் கணக்கு இழப்பைக் காட்டிக்கொடுத்தது, மீட்டுக் கொடுக்கவில்லை. மீட்பதற்கு வேறோர் ஏடு வேண்டும். எண்ணும் வேண்டும், இரண்டாம் படியும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி மாற்றிய வகை. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் நான்கு டெராபைட் வட்டுகள் இரண்டு வாங்கினோம். ஒரே தொகுதியில் செய்த இரண்டும் ஒரே காலத்தில் சாகக்கூடும் என்பதால் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை. நான்கும் நான்கும் எட்டு ஆகாது, நான்கேதான் என்பதைச் செயற்குழுவில் விளக்க அரைமணி ஆயிற்று.

வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, புதிய வட்டில் பாதிக் கண்ணாடி அமைத்து, பழையதிலிருந்து யாவற்றையும் நகர்த்தி, பின்னர் இரண்டாம் வட்டைச் சேர்ப்பது. ஓடும் ரயிலில் சக்கரம் மாற்றும் வித்தை இது, வல்லார் செய்வர். மற்றொன்று, நான்கு பொறிகளையும் வெளி வட்டுக்குப் படியெடுத்து, ப்ராக்ஸ்மாக்ஸை இரட்டை வட்டின் மேல் புதிதாக நிறுவி, படிகளைத் திரும்ப ஏற்றுவது. இரண்டாவதையே கொண்டோம். ஆனால் எடுத்த படி உயிருள்ளதுதானா என்பதை முன்னரே அறிய வேண்டும். ஆகவே ஒலிப்பதிவுப் பொறியை உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றி ஓட்டினோம். தாலாட்டு ஒன்று முழுதும் ஒலித்தது. அவ்வீட்டார் சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டனர். அதன் பின்னரே பழைய வட்டைக் கழற்றினோம். அழிக்கவில்லை, உறையிட்டுப் பெட்டியில் வைத்தோம்.

தம் வீட்டில் இசட்எஃப்எஸ் ஒற்றை வட்டாக வைத்திருக்கும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. அதில் அட்டாச் என்றொரு கட்டளையும் ஆட் என்றொரு கட்டளையும் உள. முன்னது புதிய வட்டைப் பழையதற்கு நிழலாக்கும். பின்னது இரண்டையும் ஒரே நீண்ட வட்டாக்கும்; அப்பொழுது எது கெட்டாலும் இரண்டும் போம். சில எழுத்து வேறுபாட்டில் காவல் சூறையாகும். வட்டைச் சுட்டும்போதும் முதல் வட்டு, இரண்டாம் வட்டு என்னும் பெயரை நம்பாது, அதன் தொடர் எண்ணையே எழுதுக. கம்பி இடம் மாறினால் வட்டின் வரிசையும் மாறும். இன்னொன்று: பொறியைத் துவக்கும் சிறு பகுதி கண்ணாடிக்குள் அடங்காது. நிறுவும் நாளில் ப்ராக்ஸ்மாக்ஸ் அதை இரு வட்டிலும் வைத்துவிடுகிறது. பின்னாளில் வட்டு மாற்றுவோர் கையால் வைக்க வேண்டும்.

நிறுவியபின் வேண்டுமென்றே ஒரு வட்டை உருவிவிட்டுத் துவக்கினோம். குறைபாடு என்று அறிவித்துக்கொண்டே நான்கு பொறிகளும் எழுந்தன. திரும்பச் செருகியதும் இடையில் மாறியவற்றை மட்டுமே படியெடுத்துச் சில நிமிடங்களில் ஒத்துக்கொண்டது. மற்ற வட்டுக்கும் இவ்வாறே செய்தோம்.

கண்ணாடி காப்பாற்றாத இடமும் உண்டு. ஒருவர் கோப்பை அழித்தால் இரு வட்டிலும் அக்கணமே அழியும். 2025 செப்டம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜோன் நகரத் தேசியத் தகவல் மையத்தில் பேட்டரியிலிருந்து பற்றிய தீயில், அரசு ஊழியரின் பொதுக் கோப்பகம் ஏறத்தாழ 858 டெராபைட் அழிந்தது. வெளியே படி இல்லை. அத்துணைச் செல்வமுடைய அரசுக்கு நேர்ந்தது ஒற்றை அறைச் சங்கத்துக்கு நேராது என்று இருத்தல் தகுமா? ஆதலின் மாதந்தோறும் ஒரு வெளி வட்டில் படியெடுத்து, ஓசூரில் உறுப்பினர் ஒருவர் இல்லத்தில் வைக்கிறோம். இரண்டு வட்டுகள் மாறி மாறிப் போய்வருகின்றன.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு வட்டு முழுவதையும் தானே படித்துச் சரிபார்க்கும் வழக்கம் இந்த ஏற்பாட்டில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. நம் செயற்குழுவும் அன்றே கூடுகிறது, ஒத்துக்கொண்டது தற்செயலே. சரிபார்ப்பின் முடிவு அடுத்த கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குக்கு முன் படிக்கப்படும்.

இரண்டு டெராபைட்டுக்கு மேல் இன்னும் இடம் இருக்கிறது. இல்லத்தில் பெரியோர் குரல் பதிந்த பழைய ஒலிநாடா வைத்திருப்போர், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நூலக அறைக்குக் கொண்டுவரலாம். பாடியவர் பெயரும் ஊரும் ஒரு தாளில் எழுதி வருக. படியெடுத்தவுடன் நாடா அன்றே திருப்பித் தரப்படும்.