நேராக அடித்தும் பந்து கோணலாகப் பறக்கிறதா? சிமுலேட்டர் கோல்ஃபில் கவனிக்க வேண்டியவை!

தென்கொரியாவில் நண்பர்கள் கூடினால் சினிமாவுக்குப் போவதுபோல ‘ஸ்க்ரீன் கோல்ஃப்’ விளையாடப் போகிறார்கள். மைதானம் தேவையில்லை, மழை வெயில் கவலையில்லை. ஓர் அறை, பெரிய திரை, காலடியில் பச்சை விரிப்பு... அவ்வளவுதான். அடித்த பந்து திரையில் மோதிக் கீழே விழும். அதே பந்து திரைக்குள் புல்வெளிக்கு மேலே பறந்து போவதுபோலத் தெரியும்.

ஆனால், சில நாள்களில் அந்தப் பந்து நம் பேச்சைக் கேட்காது. நேராக அடித்தால் வலப்பக்க ஏரியில் போய் விழும். ஓங்கி அடித்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். சில சமயம் பறக்கவே பறக்காது. விளையாடுபவர் உடனே சந்தேகப்படுவது தன் கையைத்தான். பிடியை மாற்றுவார், நிற்கும் விதத்தை மாற்றுவார். கருவியின் கோளாறுக்காக நன்றாக இருந்த ஸ்விங்கைக் கெடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய நஷ்டம்.

பறப்பது பந்து அல்ல, கணக்கு!

மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து, 3 மீட்டர் தள்ளியிருக்கும் திரையை 0.05 நொடியில் தொட்டுவிடும். அதற்குள் கேமராவோ ரேடாரோ பந்தின் வேகம், எழும்பும் கோணம், திசை, சுழற்சி ஆகியவற்றை அளக்க வேண்டும். அதன்பின் திரையில் நாம் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர் போடும் கணக்கு. தொடக்கத்தில் திசை 1 டிகிரி பிசகினாலே, 200 மீட்டர் தூரத்தில் பந்து சுமார் மூன்றரை மீட்டர் விலகிவிடும்.

அதனால் படத்தைப் பார்க்கும் முன் திரையோரத்தில் வரும் எண்களைப் பாருங்கள். எண்கள் இயல்பாக இருந்து, படம் மட்டும் திக்கித் திணறினால் கோளாறு கம்ப்யூட்டரிலோ புரொஜெக்டரிலோ இருக்கலாம். மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். எண்களே விசித்திரமாக இருந்தால், அளக்கும் கருவியைத்தான் கவனிக்க வேண்டும்.

பந்து பறக்கவே இல்லையா?

பந்தைக் கருவி பார்க்கவில்லை என்று அர்த்தம். குறிப்பிட்ட இடத்தில்தான் பந்தை வைத்திருக்கிறீர்களா, கருவி ‘தயார்’ என்று காட்டுகிறதா, கம்ப்யூட்டருடன் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கேமரா வகைக் கருவி என்றால் லென்ஸில் படிந்த தூசி, அழுக்கேறிய பந்து, ஜன்னல் வழியாக நேரே விழும் வெயில் ஆகிய மூன்றும் எதிரிகள். ரேடார் வகை, அசையும் பொருள்களைக் கண்டுபிடித்து வேலை செய்வது. ஓடும் ஃபேனும், அருகே நடமாடும் ஆட்களும் அதைக் குழப்பலாம். ஃபேனை நிறுத்திவிட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

எல்லாப் பந்தும் ஒரே பக்கமா?

கருவியை யாரோ காலால் தட்டித் திருப்பியிருக்கலாம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல, பந்து வைக்கும் இடத்திலிருந்து இலக்கு நோக்கித் தரையில் ஒரு நூலை நேராக இழுத்துக் கட்டுங்கள். பந்தை நூலையொட்டி மெதுவாகத் தட்டிவிடுங்கள். பந்து நூலோடு போயும் எண் இரண்டு, மூன்று டிகிரி வலப்பக்கம் என்று காட்டினால், தவறு உங்களுடையது அல்ல. கருவியின் திசையைச் சரிசெய்ய வேண்டும்.

தூரமும் வளைவும் பொருந்தவில்லையா?

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். 150 யார்டு என்பது 137 மீட்டர்தான். அலகு மாறியிருந்தால் தூரம் குறைந்ததுபோலத் தோன்றும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற அமைப்பும் கணக்கை மாற்றும். உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதல் தூரம் போகும்.

அடுத்து சுழற்சி. ரேடாருக்குச் சின்ன அறையில் சுழற்சியை அளப்பது கடினம். அதற்காகவே பந்தில் சிறிய உலோக ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சில கேமரா கருவிகளுக்கும் குறியிட்ட பந்து தேவை. குறி கருவியின் பார்வையில் படும்படி பந்தை வைக்க வேண்டும்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்தாறு பந்துகள் அடித்துப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். காசு கொடுத்து விளையாடும் இடம் என்றால், கருவியில் கைவைக்காமல் அங்கிருக்கும் ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பந்து சுத்தம், வெளிச்சம் சரி, நூலும் நேர்... அப்போதும் பந்து ஏரிக்கே போகிறதா? இனி தயங்காமல் கோச்சிடம் போகலாம்!