உங்களுக்குத் தெரியுமா? இறந்த பின்னும் தரவரிசையில் ஏறிய வீரர்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்னும் நான்கு பெரிய அமைப்புகள் ஒவ்வோர் எடைப் பிரிவிலும் தனித்தனியே உலகப் பட்டம் வழங்குவதோடு, அதற்குப் போட்டியிடத் தகுதியுடையோரின் தரவரிசையையும் தாமே வகுக்கின்றன. பட்டப் போட்டி நடந்தால் வீரர்களின் ஊதியத்தில் ஒரு பங்கு அங்கீகாரக் கட்டணமாக இவ்வமைப்புகளுக்கே சேர்வதால், தரம் பிரிப்பவருக்கே அதன் பயனும் கிடைக்கிறது.

● 2000 அக்டோபரில் இறந்த அமெரிக்க வீரர் டேரின் மோரிஸை, அவர் இறந்ததை அறியாமலேயே, டபிள்யூ.பி.ஓ. தனது சூப்பர் மிடில்வெயிட் பட்டியலில், அதாவது 168 பவுண்டு வரையிலான பிரிவில், 2001 தொடக்கத்துக்குள் 7ஆம் இடத்திலிருந்து 5ஆம் இடத்துக்கு உயர்த்தியிருந்தது.

● தரவரிசைக்காகக் கையூட்டு பெற்றதாக 1999இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஐ.பி.எஃப். நிறுவனர் ராபர்ட் லீ, முதன்மைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டபோதிலும், பணச்சலவை, வரி ஏய்ப்புக் குற்றங்களுக்காகச் சிறைத்தண்டனை பெற்றார்.

● 2000இல் அமெரிக்காவில் நிறைவேறிய முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், தரவரிசைக்குப் புறநிலையான, எழுத்துவடிவ அளவுகோல் வேண்டும் என்றும், முதல் பத்து இடங்களில் உள்ள வீரரின் நிலை மாறினால் ஏழு நாள்களுக்குள் அதற்கான காரணத்தை வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. உயிரைப் பணயம் வைத்து வளையத்துக்குள் இறங்கும் வீரருக்கு இந்த வெளிப்படைத்தன்மை சலுகையன்று, உரிமையாகும்.